வழித்துணை: வண்டியே வீடாகும்போது



விடுமுறைக்கு ஊர் செல்வோர் ரயிலில் இடம் பதிவு செய்ய வேண்டிய முறைகளைச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்த உறுப்பினர்கள் சிலர் வாசகசாலையில் நம்மைக் கண்டு, "இவ்வாண்டு நாங்கள் ரயிலில் போவதாக இல்லை, வேனிலேயே உண்டு உறங்கி ஊர் போய்ச் சேருவதாக இருக்கிறோம். எங்களுக்கும் நாலு வார்த்தை எழுதக்கூடாதா?" என்று கேட்டனர். இரும்புப் பாதையில் பிழைப்போர்க்குத் தார்ச் சாலையைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று முதலில் தயங்கினோம். ஆனால் அவர்கள் கேட்டது வண்டி ஓட்டும் வித்தை அன்று; வழிச் செய்திகளை எப்படித் திரட்டி, எப்படி அடுக்கி, எப்படிக் கைக்கு எட்டும்படி வைத்துக்கொள்வது என்பதே அவர்கள் கேள்வி. அவ்விஷயத்தில் ரயில்வேக்குச் சொல்வதற்குச் சில உண்டு. ஆகவே எழுதத் துணிந்தோம்.

படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் பொருத்திய வண்டியைக் கேரவன் என்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்வரை அது சினிமா நட்சத்திரங்கள் இளைப்பாறும் வண்டி என்றே நம்மவர் அறிந்திருந்தனர். 2021 இல் கேரள அரசு சுற்றுலாவுக்கென்றே ஒரு கேரவன் திட்டத்தை அறிவித்தது. இப்போது வாடகைக்கும் அத்தகைய வண்டிகள் கிடைக்கின்றன. நம் நாகபுரியிலோ, பழைய வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மெத்தை விரித்துக்கொண்ட குடும்பங்களே அதிகம். வண்டி எதுவாயினும் முறை ஒன்றுதான்.

ரயில்வேயில் கால அட்டவணை இரண்டு வகை. ஒன்று பொதுமக்களுக்கானது, வண்டி எப்போது வரும், எப்போது போகும் என்று மட்டும் சொல்வது. மற்றொன்று ஒர்க்கிங் டைம் டேபிள். ஊழியர்களுக்கு மட்டுமே உரியது. எந்தப் பகுதியில் என்ன வேகம், எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்பன போன்ற செய்திகள் அதில் இருக்கும். இவ்விரண்டும் போதா என்று, வழியில் அன்றன்றுள்ள நிலைமையைக் கூறும் காஷன் ஆர்டர் என்ற தாளும் உண்டு. இந்தக் கிலோமீட்டர் முதல் அந்தக் கிலோமீட்டர் வரை பாதை வேலை நடக்கிறது, இன்ன வேகத்திற்கு மேல் போகலாகாது என்று எழுதி, வண்டி ஓட்டுபவர் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்வர். இருபது ஆண்டு அதே பாதையில் ஓட்டியவராயினும் அந்தத் தாள் இன்றி அவரை அனுப்புவதில்லை. அவருடைய ஞாபகத்தின் மேல் நம்பிக்கை இல்லாமல் அன்று. ஆயிரம் பேர் உயிர் ஒருவர் ஞாபகத்தை மட்டும் நம்பி இருக்கலாகாது என்பதனால் அப்படி. வண்டியின் பின்புறம் கார்டு ஒருவர் இருக்கிறாரே, 2022 முதல் அவரை டிரெயின் மேனேஜர் என்கிறோம், அவரும் வழிநெடுக நேரங்களைக் குறித்துக்கொண்டே வருகிறார். முன்னிருப்பவர் அறிந்ததைப் பின்னிருப்பவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது விதி.

ரயிலில் செல்லும்போது இச்சுமை எதுவும் பிரயாணியின் தலையில் இல்லை. வழி தவறாது, தண்ணீர் நிற்கும் நிலையத்தில் கிடைக்கும், உடம்பு நோவு என்றால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லலாம், அல்லது 139 எண்ணை அழைக்கலாம். சொந்த வண்டியில் வாழ்ந்துகொண்டே செல்லும் குடும்பத்திற்கு ஸ்டேஷன் மாஸ்டரும் அவர்களே, கார்டும் அவர்களே, டிரைவரும் அவர்களே. இத்தனை பேர் வேலையையும் ஒரு குடும்பத் தலைவர் தம் மண்டைக்குள்ளும் தம் கைப்பேசிக்குள்ளும் அடைத்துக்கொண்டு புறப்படுவதே நம் வழக்கமாக இருக்கிறது. இதில் உள்ள அபாயத்தை நம் உறுப்பினர் குடும்பம் ஒன்று சென்ற ஆண்டு அனுபவித்தது. அவர்கள் இசைவு பெற்றே, பெயர் கூறாமல், ஈண்டு எழுதுகிறோம்.

அன்பர் ஒருவர் மனைவி, தாயார், இரு குழந்தைகளுடன் வேனில் மதுரைக்குப் புறப்பட்டார். வழி, தங்குமிடம், பணம், மருந்து அனைத்தும் அவர் பொறுப்பு. முதல் நாள் மாலை, நிர்மலைத் தாண்டிக் கோதாவரிப் பாலம் கடந்து சிறிது தூரம் சென்றதும் அவருக்கு வேர்த்துக் கொட்டிற்று; பேச்சுக் குழறியது. எப்படியோ வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டீயரிங்கின் மேலேயே சாய்ந்துவிட்டார். அம்மையார் தம் கைப்பேசியில் 112 ஐ அழைத்தார். "எங்கே இருக்கிறீர்கள்?" என்பது முதற் கேள்வி. "நெடுஞ்சாலையில்" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பேசுவதற்கு அலை இருந்தது. வரைபடம் திறக்கப் போதவில்லை. வழியெல்லாம் இறக்கி வைத்திருந்த கணவரின் கைப்பேசியோ எண் பூட்டுப் போட்டது. அந்த எண் அவர் ஒருவருக்கே தெரியும்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண், பொழுது போகாமல் ஆறுகளின் பெயர்களையும் மைல்கற்களில் கண்ட ஊர்களையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கோதாவரி கடந்த நேரமும், கடைசியாகக் கண்ட கல்லின் எண்ணும் அதில் இருந்தன. அதை வாங்கி அம்மையார் படித்தார். "ஹைதராபாத் போகும் பக்கமா, நாகபுரி போகும் பக்கமா?" என்று மறுமுனையில் மீண்டும் கேட்டனர். நடுவே தடுப்புச் சுவர் உள்ள சாலையில், ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கம் வந்துவிட்டால் திரும்பி வரப் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அதற்கும் விடை கூறினர். வண்டி வந்தது.

ஆஸ்பத்திரியில் அடுத்த இடர். நோயாளி சர்க்கரை நோயாளி என்பது தெரியும். என்ன மாத்திரை, எவ்வளவு, கடைசியாக எப்போது உட்கொண்டார் என்பது தெரியாது. மருந்துப் பையில் அவருடைய மாத்திரைகளும் தாயாருடைய மாத்திரைகளும் கலந்து கிடந்தன. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் எண் அந்தப் பூட்டிய கைப்பேசிக்குள். இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்திருந்ததை டாக்டர்கள் உடனே கண்டு சிகிச்சை செய்ததனால் அன்பர் பிழைத்தார். ஆயினும் எந்த மாத்திரையால் அப்படி ஆயிற்று, மறுபடியும் குறையுமா என்பதை அறிய, நாகபுரியிலிருந்த மைத்துனர் மருந்துக் கடையைத் தேடிப் பிடித்து விசாரித்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மறுநாள் அந்த மைத்துனரே வந்து வண்டியை ஓட்டிச் சென்றார்.

அன்பர் கவனக்குறைவானவர் அல்லர். ஒருவர் சேகரிக்கக்கூடிய செய்தி அனைத்தையும் சேகரித்திருந்தார். ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் அது தேவைப்பட்டவர் கையில் இல்லை. வண்டியில் செல்லும் குடும்பம் முதலில் சிந்திக்க வேண்டியது இதையே. "என்னென்ன செய்தி வேண்டும்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "நான் பேச முடியாதபோது இதை யார் எடுத்துப் படிப்பார்?" என்றும் கேட்க வேண்டும்.

இனி முறைக்கு வருவோம். நூறு பக்க நோட்டு ஒன்று போதும். அட்டை கெட்டியாக இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையின் பின்புறப் பையில், எல்லோரும் அறிய, அது ஒரே இடத்தில் இருக்கட்டும். அதை நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்க.

முதற் பகுதி உடம்புக்கு. முதல் பக்கமே இதுதான். வண்டியில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஐந்து வரி: பெயர், வயது, இரத்த வகை, உட்கொள்ளும் மருந்தும் அளவும் நேரமும், ஒவ்வாத மருந்து. கீழே வழக்கமான டாக்டரின் எண்ணும், ஊரில் ஒருவர், இங்கே ஒருவர் என இரு உறவினர் எண்களும். மருந்துகளை ஆளுக்கொரு பையாகப் பிரித்துப் பெயர் எழுதி வைக்க. 112 எல்லா அவசரத்திற்கும். 1033 தேசிய நெடுஞ்சாலையில் விபத்து, வண்டிப் பழுது ஆகியவற்றிற்கு. இவ்விரண்டையும் பெரிய எழுத்தில் எழுதுக. கைப்பேசியைத் திறக்கும் எண் வண்டியில் உள்ள பெரியவர் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை நோட்டில் மட்டும் எழுத வேண்டா.

இரண்டாம் பகுதி தாள்களுக்கு. பதிவுச் சான்று, காப்பீடு, மாசுச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகிய ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை ஒரு வரிசையாக எழுதுக. டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆகிய செயலிகளில் உள்ள சான்றுகளை மூலப் பத்திரமாகவே ஏற்க வேண்டும் என்று 2018 இல் மத்திய அரசு அறிவித்தது. ஆனால் உரிமத்தைக் கைப்பேசியால் படம் பிடித்து வைத்துக்கொள்வது அதற்கு ஈடாகாது. இவ்வேறுபாட்டைப் பலர் அறிவதில்லை. சுங்கச்சாவடிகளில் 2021 பிப்ரவரி நடுவிலிருந்து ஃபாஸ்டாக் கட்டாயம். அதில் எவ்வளவு பணம் இருக்கிறது, எந்த எண்ணோடு இணைந்திருக்கிறது என்பதைக் குறிக்க. சொந்த உபயோகத்திற்கான கார், ஜீப், வேன்களுக்கு 2025 ஆகஸ்டு 15 முதல் ஆண்டுச் சீட்டும் வந்துள்ளது. ஓராண்டு, அல்லது 200 முறை கடத்தல், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை செல்லும். அச்சீட்டு உடையோர் கடந்த சாவடிகளின் கணக்கையும் நோட்டில் எழுதி வருதல் நலம். வாடகைக் கேரவனுக்கு அது பொருந்தாது.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொன்றும் உண்டு. தமிழகத்தில் பதிவான வண்டியைக் கொண்டுவந்து இங்கே பன்னிரண்டு மாதத்திற்கு மேல் வைத்திருந்தால், இம்மாநிலப் பதிவு எண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். வண்டி எல்லை கடந்து வந்த தேதியை எழுதி வைக்காதவர் அந்தக் கணக்கை எப்படிக் காட்டுவார்? இடமாற்ற உத்தியோகத்தில் உள்ளோருக்காக 2021 இல் வந்த பி.எச். வரிசைப் பதிவு இச்சங்கடத்தைக் குறைக்கிறது.

மூன்றாம் பகுதி வழிக்கு. நாளுக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் வேண்டா. நாகபுரியிலிருந்து தெற்கே ஆதிலாபாத், ஹைதராபாத், கர்நூல், அனந்தபூர், பெங்களூரு, கிருஷ்ணகிரி, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை ஒரே நெடுஞ்சாலைதான். பழைய வரைபடத்தில் இதன் எண் 7. 2010 இல் எண்கள் மாற்றப்பட்டபின் 44. வயதானவர்கள் "ஏழாம் நம்பர் ரோடு" என்பதும் பலகை 44 என்பதும் ஒன்றே என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லி வைக்க. ஹைதராபாத் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அங்கிருந்து பெங்களூரு 570 அளவில். குடும்பத்தோடு செல்வோர் ஒரு நாளில் கடக்க எண்ணும் தூரத்தை அதற்கேற்ப வகுத்துக்கொள்க.

அப்பக்கத்தின் இடப்புறத்தில் புறப்படும் நேரம், முக்கிய ஊர்கள், எண்ணெய் போடும் இடம், நீர் நிரப்பும் இடம், இரவு நிறுத்தும் இடம். வலப்புறம் வெறுமையாக இருக்கட்டும். உண்மையில் எப்போது எங்கே சேர்ந்தோம் என்பதை அதில் எழுத வேண்டும். இவ்வேலையைப் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்குக் கொடுத்துவிடுக. கோதாவரி, கிருஷ்ணை, துங்கபத்திரை, வட பெண்ணை, காவிரி என்று ஒவ்வொரு பாலத்தின் நேரத்தையும் எழுதட்டும். மைல்கல்லின் தலை மஞ்சளாயின் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாயின் மாநில நெடுஞ்சாலை என்பதையும் கற்றுக்கொடுக்க. அரை மணிக்கொரு முறை ஒரு கல்லை எழுதினால் போதும். எப்போது எவர் கேட்டாலும் "எங்கே இருக்கிறோம்" என்பதற்கு விடை உண்டு.

எழுதும் முறையிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். முன்னொரு காலத்தில் இந்நாட்டில் ஊருக்கொரு நேரம் இருந்தது. அக்குழப்பத்தைத் தவிர்க்க ரயில்வேக்கள் நம் சென்னை நேரத்தையே பொது நேரமாகக் கொண்டு வண்டிகளை ஓட்டின. 1906 சனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. ஒரு குடும்பத்தின் நோட்டிலும் அப்படியே. ஒருவர் "எட்டு மணி" என்றும், மற்றவர் "ராத்திரி" என்றும் எழுதினால் பின்பு பயன்படாது. 20.00 என்று ரயில்வே வழக்கப்படி எழுதுக. தேதியோடு ஆண்டையும் எழுதுக.

நான்காம் பகுதி அனுபவத்திற்கு. இரவில் வண்டி நிறுத்திய இடம் எது, நிறுத்த யாரிடம் இசைவு கேட்டோம், விளக்கு உண்டா, பெண்கள் தனியே கழிப்பறை சென்று வரக்கூடியதா, நீர் குடிக்கத் தக்கதா, கைப்பேசி அலை கிட்டியதா, என்ன கொடுத்தோம்? இத்தனையும் உறங்குமுன் கால் மணியில் எழுதி முடியும். "இடம் நன்று" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. லாரிகள் நிறைந்த பெட்ரோல் பங்க் ஒன்று தனி ஆளுக்கு நல்ல இடமாக இருக்கலாம். கைக்குழந்தைக்காரிக்கு அப்படி இராது. காரணத்தோடு எழுதினால்தான் அடுத்தவர் தமக்குப் பொருந்துமா என்று அறிவார்.

இப்பகுதியின் கடைசிப் பக்கத்தில் வழியிலுள்ள மொழிகளின் அவசியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கலாம். மராத்தியில் பாணி, தெலுங்கில் நீள்ளு, கன்னடத்தில் நீரு. தமிழில் மருந்து என்பதைத் தெலுங்கர் மந்து என்பர். இந்தி அறியாத பாட்டியும் இப்பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கடையில் கேட்டுப் பெற இயலும்.

"எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே, நோட்டு எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். கைப்பேசியை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. வழி காட்டுவதில் அதற்கு நிகரில்லை. புறப்படுமுன் செல்லும் வழிப் பகுதியின் வரைபடத்தை அலை இல்லாதபோதும் திறக்கும்படி இறக்கி வைத்துக்கொள்க. ஒன்றில் அன்று, இரண்டு கைப்பேசிகளில். நோட்டின் முதல் பக்கத்தைப் படம் பிடித்து ஊரிலுள்ள ஒருவருக்கும் அனுப்பி வைக்க. ஆனால் மின்னூட்டம் தீர்ந்தால் கைப்பேசி ஊமை. பூட்டினால் உடையவருக்கன்றிப் பிறர்க்கு அது கல். நோட்டுக்கு இவ்விரண்டு குறையும் இல்லை. நோட்டின் குறை, அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. ஆகவே இரண்டும் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இக்காலத்தில் செய்திப் பஞ்சம் இல்லை. செய்தி வெள்ளமே துன்பம். புறப்படப் போகிறோம் என்று சொன்னதும் உறவினர் அனைவரும் கைப்பேசியில் அனுப்பிவிடுவர்: இன்ன ஓட்டல், இன்ன குறுக்குவழி, இன்ன இடத்தில் கொள்ளைக்காரர் என்று. யார் கண்டது, எப்போது கண்டது என்ற இரண்டும் இல்லாத செய்தியை நோட்டில் ஏற்ற வேண்டா. சென்ற ஆண்டின் காஷன் ஆர்டரை வைத்துக்கொண்டு எந்த வண்டியும் இன்று ஓடுவதில்லை அன்றோ?

நிற்க. மேற்படி அன்பரின் மகள் எழுதிய நோட்டை நாம் வாங்கிப் பார்த்தோம். மதுரை வரையிலும், பிறகு திரும்பி வரும் வழியிலும் விடாமல் எழுதியிருக்கிறாள். எந்தப் பங்க்கில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது, எந்த ஊரில் ஒரு டீக்கடைக்காரர் பாட்டிக்கு வெந்நீர் கொடுத்துக் காசு வாங்க மறுத்தார் என்பதெல்லாம் அதில் உண்டு. அம்மையார் அதன் முதல் பக்கத்தில் இப்போது ஐவருடைய மருந்து விவரத்தையும் தம் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்.

அந்த நோட்டின் வழிப் பகுதியை மட்டும் பிரதி எடுத்து வாசகசாலையில் வைக்க அவர்கள் இசைந்துள்ளனர். இவ்விடுமுறையில் வண்டியில் செல்லும் குடும்பத்தினர் அதைப் பார்த்துக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் தத்தம் நோட்டின் மூன்றாம், நான்காம் பகுதிகளின் பிரதியைத் தேதியிட்டு அதனோடு சேர்க்க வேண்டுகிறோம். முதற் பகுதி வீட்டோடு இருக்கட்டும். அது பிறர் பார்வைக்கு உரியதன்று.

அடுத்த இதழில், முதியோர் துணையின்றி ரயிலில் செல்லும்போது கவனிக்க வேண்டியவற்றை எழுதுவோம்.